முதலில் குறைந்தது நீரா, முதலில் ஏறியது சூடா? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் கொதிப்பை அறிகுறி வாரியாகக் கண்டறியும் முறை

இன்ஜின் சூடேறுவதும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்; இங்கே நீர் என்பதும் அதுவே) குறைவதும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணிக்கொண்டு தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிதிறக்கும் வால்வு), ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் வழக்கமாகிவிட்டது. எல்லாம் மாற்றி முடித்த பிறகும் வெப்பம் காட்டும் கேஜின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். எது முன்னால் நடந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீர் குறைந்ததால் சூடேறிய காரும், சூடேறியதால் நீரைக் கக்கிய காரும் சாலையோரத்தில் நிற்கும்போது ஒரே மாதிரிதான் ஆவி விடும். ஆனால் முதலாவதில் தேட வேண்டியது கசிவு, இரண்டாவதில் தேட வேண்டியது வெப்பம் வெளியேறாமல் தங்கும் இடம். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்த ஒரு கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்விக்கு விடை காணும் வழி எளிது. காலையில் இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கின் (ரேடியேட்டரில் விரிந்து வழியும் கூலன்ட் வந்து தங்கும் தொட்டி) பக்கவாட்டில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு டேப் துண்டை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு காலையும் அதே இடத்தில், அதே சமதளத்தில் காரை நிறுத்திப் பார்க்க வேண்டும். குறைந்ததை அளவுக் குவளையால் ஊற்றி நிரப்பி, எத்தனை மில்லி லிட்டர், எத்தனை கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, முள் அன்று எவ்வளவு ஏறியது என்று குறித்துவர வேண்டும். முள் ஒருநாளும் நடுவைத் தாண்டாமலேயே மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால் கசிவு முந்தியது. மட்டம் பல நாட்கள் அசையாமல் இருந்து, சூடேறிய நாளில் மட்டும் குறைந்தால் வெப்பம் முந்தியது. ஒரு வாரக் குறிப்பு, ஒரு புது ரேடியேட்டரைவிட அதிகம் சொல்லும்.

அளக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். சுமார் 6 லிட்டர் கூலன்ட் கொள்ளும் சிறிய இன்ஜினில், குளிர்நிலையிலிருந்து ஓட்டச் சூட்டுக்கு வரும்போது அந்தத் திரவம் ஏறக்குறைய கால் லிட்டர் விரிகிறது. சூடான இன்ஜினில் மட்டத்தைப் பார்த்து நிறைந்திருக்கிறது என்று நம்புவதும், மறுநாள் காலை பார்த்துக் குறைந்துவிட்டது என்று பதறுவதும் இதனால்தான்.

தொடங்கும் முன்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது, பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அதன் கொதிநிலை 107 டிகிரி அளவுக்கு இறங்குவதால், உள்ளே இருப்பது முழுவதும் ஒரே வீச்சில் பொங்கி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாய்) பிடித்து அழுத்தினால் தளர்வாக அமுங்க வேண்டும்; விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள சில கார்களில், சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால், அருகில் கைவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நல்லது. கீழே வடித்த பழைய கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிடாதபடி மூடிவைக்க வேண்டும்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. கூலிங் சிஸ்டத்தைக் கையால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் பிரஷர் டெஸ்டர், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், நல்ல டார்ச், சிறு கண்ணாடி ஆகியவை போதும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேரடியாகக் காட்டினால் அது உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் பொருந்தியிருக்கும் உலோகக் கூடான ஹவுசிங்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

முள் ஏறுகிறது, இன்ஜினோ சூடாக இல்லை

பழைய காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேஜைத்தான். முகப்பு விளக்கையோ ஹீட்டர் விசிறியையோ போட்டதும் முள் சட்டென்று சற்று மேலேறினால், அது வெப்பமல்ல. எர்த் இணைப்புத் துருப்பிடித்திருப்பதன் அடையாளம். உண்மையான வெப்பம் ஒரு நொடியில் ஏறாது. இன்ஜின் பிளாக்குக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிட்டுப் பார்த்தால் பல கார்களில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அப்படியும் முள் ஏறினால், டேப் ஒட்டிய இடத்தில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஹவுசிங் 88 டிகிரி காட்டும்போது முள் சிவப்பில் நின்றால், வெப்பத்தை அளந்து கேஜுக்குச் சொல்லும் சென்சாரான சென்டிங் யூனிட்டை மாற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று இன்னும் ஆபத்தானது. பிற்காலக் கார்கள் பலவற்றில் முள்ளை நடுவிலேயே நிற்கும்படி தயாரிப்பாளர்களே அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் பதற்றப்படக் கூடாதாம். அத்தகைய கேஜில் முள் நகரத் தொடங்கும்போது வெப்பம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அதேபோல், ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாமல் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். சென்சாரைச் சுற்றி நீர் இல்லாமல் போனதால் அது ஆவியில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நெரிசலில் சூடு, ஓடினால் இறங்குகிறது

இது எல்லாவற்றிலும் தெளிவான அறிகுறி. கார் ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் அதை இழுக்க வேண்டும். ஆகவே குற்றவாளி பெரும்பாலும் ஃபேன், அதன் ரிலே, ஃப்யூஸ், தெர்மோ ஸ்விட்ச் (சூடேறியதும் ஃபேனைப் போடும் ஸ்விட்ச்) ஆகியவற்றுள் ஒன்றுதான்.

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். பானெட்டுக்கு அடியிலுள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஎஃப்ஏ, ஜிஎன்டி என்று குறிக்கப்பட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு இக்னிஷனைப் போட்டால் ஃபேன் சுழல வேண்டும். சுழன்றால் மோட்டார், ரிலே, ஃப்யூஸ் மூன்றும் நலம். குறை தெர்மோ ஸ்விட்சிலோ அதற்குச் செல்லும் ஒயரிலோ இருக்கிறது. சுழலாவிட்டால் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேறு கார்களிலும் முறை இதுவே: ஸ்விட்சைத் தாண்டி ஒயரை இணைத்து, பழுதை ஸ்விட்சுக்கு முன்னா பின்னா என்று பிரித்துவிட்டால் தேடும் இடம் பாதியாகிறது.

ஃபேன் சுழல்கிறது, ஆனாலும் சூடு குறையவில்லை என்றால் ஒரு காகிதத்தை எடுத்துக் காரின் முன்புறம் கிரில்லுக்கு அருகே பிடிக்க வேண்டும். காகிதம் உள்நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் மாற்றியபோது ஒயரைத் தலைகீழாக இணைத்திருந்தால் ஃபேன் சுறுசுறுப்பாகச் சுழன்றுகொண்டே காற்றை முன்னால் தள்ளும். ஓடும்போது எதிர்காற்றோடு மல்லுக்கட்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்தோ, யாரோ கழற்றிப் போட்டோ இருந்தாலும் இதே நிலைதான். கூடு இல்லாத ஃபேன் தன் இறக்கைகளுக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கிறது, மூலைகள் வெந்துகொண்டிருக்கும்.

இன்ஜினே பிசுபிசுப்பான திரவத்தின் வழியாகச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் உள்ள கார்களில், நன்கு சூடேறிய இன்ஜினை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பான எதிர்ப்போடு உடனே நின்றால் சரி. பம்பரம் போலத் தொடர்ந்து சுற்றினால் உள்ளிருக்கும் சிலிக்கோன் திரவம் கசிந்து போயிருக்கிறது.

ஏசி போட்டால் மட்டும் சூடேறும் கார்களும் இந்த வகையே. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் வெப்பத்தையும் அதன்மேல் கொட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு இலைச் சருகும் பூச்சியும் படிந்து போர்வையாகியிருக்கும். மேலிருந்து டார்ச் அடித்தால் தெரியும். பின்புறத்திலிருந்து முன்னோக்கி, வேகம் குறைந்த நீரால் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிப் போகும்.

வேகத்தில் சூடு, மெதுவாகப் போனால் இறங்குகிறது

இங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. இன்ஜின் உண்டாக்கும் வெப்பத்துக்கு ஈடாக நீரோட்டமோ காற்றோட்டமோ ரேடியேட்டரின் திறனோ போதவில்லை என்பதே பொருள்.

காற்றிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அதற்குச் செலவில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் முன்புறம் தாழ்வானது. பம்பருக்கு அடியிலுள்ள தட்டும், ரேடியேட்டரின் பக்கங்களை அடைக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளும், ஃபோம் பட்டைகளும் சேர்ந்துதான் காற்றை ரேடியேட்டருக்குள் போகும்படி கட்டாயப்படுத்துகின்றன. ஆயில் மாற்றும்போது கழற்றிய அடித்தட்டைத் திரும்ப மாட்டாமல் விட்ட கார்கள் ஏராளம். தட்டு இல்லாதபோது காற்று எளிய வழியாக ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விடுகிறது. காணாமல் போன இரண்டு தடுப்புகளைத் தேடி மாட்டியதும் குணமான கார்களைக் கண்டிருக்கிறேன். அவற்றுக்கு அதற்குள் இரண்டாவது ரேடியேட்டரும் வந்திருந்தது.

அடுத்து ரேடியேட்டர். இன்ஜின் ஓட்டச் சூட்டில் இருக்கும்போது அதன் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெப்பத்தை அளக்க வேண்டும். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் நோக்கி எண்கள் சீராக இறங்கினால் குழாய்கள் திறந்திருக்கின்றன. நடுவில் ஒரு திட்டு மட்டும் வெகுவாகக் குளிர்ந்திருந்தால் அங்கே உப்புப் படிவு அடைத்திருக்கிறது. பல ஆண்டுகள் கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றிய கார்களில் இது நிச்சயம். வெளித்தகடுகளை விரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால், நீர் கசியாவிட்டாலும் அந்த ரேடியேட்டர் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டது.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், ரப்பர் தளர்ந்து உள்ளிருக்கும் சுருள்கம்பியும் துருப்பிடித்துப் போயிருந்தால், வேகம் கூடும்போது உறிஞ்சு குழல் போல ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைத்துவிடும். நிறுத்திப் பார்த்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கும். நிற்கும் காரில் இன்ஜினை நிமிடத்துக்கு 3500 சுற்று வரை ஏற்றச் சொல்லிவிட்டு, ஹோஸைக் கண்ணால் பார்ப்பதுதான் ஒரே சோதனை.

வாட்டர் பம்பில் வெளியே கசிவு இல்லை என்பதாலேயே அது நலம் என்று கொள்ள முடியாது. 1990-களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ ஈ36 வரிசைக் கார்களின் பம்ப்களில் நீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சுழலி உடைந்தோ தண்டிலிருந்து கழன்றோ போவது பேர்பெற்ற குறை. கப்பி சுழலும், உள்ளே நீர் நகராது. இரும்புச் சுழலியும் வெறும் நீரில் ஓடினால் அரித்துத் தேய்ந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் வெளியே எடுத்து, அதன் வாயில் கவ்வவைத்த நூலால் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். 88 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்த அளவில் நூலை நழுவவிட்டு வாயைத் திறக்கத் தொடங்கி, நீர் கொதிக்கும் நேரத்துக்குள் ஏறக்குறைய 8 மில்லி மீட்டர் திறந்திருக்க வேண்டும். பாதியில் நின்றால் வேகத்தில் மட்டும் சூடேறும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும் அமைப்புள்ள இன்ஜின்களில், தெர்மோஸ்டாட் இல்லாதபோது நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றி வருவதால் சூடு கூடத்தான் செய்யும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகத்தில் சூடேறினால் கூலிங் சிஸ்டத்துக்கு வெளியே பார்க்க வேண்டும். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும், பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் வெப்பம் கூடும். பிரேக் காலிபர் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும் காரில் இன்ஜின் ஓயாமல் மேடேறுவது போன்ற சுமையைத் தூக்குகிறது. ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

முள் ஏறும்போது ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது

சூடேறும் காரில் ஹீட்டரை முழுதாகத் திறந்து வைப்பது அவசரத்துக்கு உதவும் சிறு ரேடியேட்டர் என்பது பலருக்குத் தெரியும். அது ஒரு சோதனைக் கருவியும்கூட. முள் மேலே இருக்கும்போது ஹீட்டரில் அனல் அடித்தால் நீர் இருக்கிறது, சுற்றியும் வருகிறது. குளிர்ந்த காற்று வந்தால் நீர் குறைந்திருக்கிறது, அல்லது ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று நீரோட்டத்தை அடைப்பது) ஆகியிருக்கிறது, அல்லது பம்ப் வேலை செய்யவில்லை.

கூலன்ட் மாற்றிய மறுநாளே இது தொடங்கினால் ஏர் லாக்தான். தாழ்ந்த மூக்குள்ள கார்களில் இன்ஜினின் உச்சி ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருக்கக்கூடும். ஊற்றும் நீர் அந்த உச்சிக்குத் தானாக ஏறாது. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944 காரில் மேல் ஹோஸ் இணையும் இடத்தில் காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று நீர் தொடர்ச்சியாக வரும்வரை ஊற்ற வேண்டும். டொயோட்டா எம்ஆர்2 போல இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்புறத்திலும் உள்ள கார்களில், காரின் நீளத்துக்கு ஓடும் குழாய்களில் காற்று தங்க இடம் அதிகம். அவற்றில் ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி பிளீடர்கள் உண்டு. ஒளி ஊடுருவும் குழாயை அவற்றில் செருகி உயரமாகக் கட்டிவைத்தால் காற்று வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிளீடர் இல்லாத கார்களில், மூடியிருக்கும் பக்கம் மிக உயர்ந்து நிற்கும்படி காரை ஜாக்கியில் தூக்கி, மூடி திறந்த நிலையிலேயே குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை பொறுமையாக ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

தரை காய்ந்திருக்கிறது, நீர் குறைகிறது

அதிகம் குழப்புவதும், தேவையின்றி ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) கழற்ற வைப்பதும் இந்த அறிகுறிதான். என் 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காரில் பதினைந்து நாளுக்கு ஒரு தம்ளர் நீர் குறைந்துவந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை, முள் அசையவில்லை, ஆயில் சுத்தம். காட்டிய பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) என்று முடிவே சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில், இன்ஜினைக் கிளப்பாமலேயே, பிரஷர் டெஸ்டரை மாட்டி மூடியில் குறித்திருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் முள் ஒரு கோடு இறங்கியது. கண்ணாடியை ஹெட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் சுவர்) நடுவே நுழைத்து டார்ச் அடித்தால், ஹீட்டர் ஹோஸின் கிளாம்புக்கு அடியில் ஒரு பச்சைத் துளி முத்துப்போலத் திரண்டு, கனத்து, கியர்பாக்ஸின் மேல் விழுந்தது. அங்கே முன்பு விழுந்தவை எல்லாம் உலர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தன. இன்ஜின் சூடானதும் குழாய் விரிந்து கிளாம்பு இறுகிவிடும். ஆறியபின்தான் கசியும், கசிவதும் மேலேயே உலர்ந்துவிடும். ஒரு கிளாம்போடு கதை முடிந்தது.

ஆகவே பிரஷர் டெஸ்ட்டை ஆறிய இன்ஜினில் ஒரு முறையும், ஆறியபோதே மாட்டிய டெஸ்டரோடு சூடேற்றிய இன்ஜினில் ஒரு முறையும் செய்ய வேண்டும். சில கசிவுகள் குளிரில் மட்டும் வரும், சில சூட்டில் மட்டும். அழுத்தம் மூடியில் குறித்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இல்லாத கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம். குறைந்தது கால்மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்களுக்குத் தடயம் உண்டு. முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப்பசை போன்ற மூட்டம், காருக்குள் இனிப்பு வாசம், முன்இருக்கையின் காலடி விரிப்பில் ஈரம் ஆகியவை ஹீட்டர் கோரை (ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர்) காட்டும். பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கீழிறங்கும் உலர்ந்த தாரை, உள்ளிருக்கும் சீல் போய்விட்டது என்று சொல்லும். அந்தத் துளையை அடைப்பது தீர்வல்ல. பம்பை டைமிங் பெல்ட்டே சுழற்றும் போர்ஷே 944 போன்ற இன்ஜினில் இந்தத் தாரையை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. பம்ப் இறுகினால் பெல்ட் அறும், பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். 1996-இல் அறிமுகமான முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் பின் டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும்; அங்கேயுள்ள பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி விரிசல் விடுவது அந்தக் காரின் பழகிப்போன நோய். பிளாஸ்டிக் தலையுள்ள ரேடியேட்டர்களில் நிறமே வயதைச் சொல்லும்: கறுப்பாக இருந்த மேல்தொட்டி பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தால் அது இன்னும் கசியாவிட்டாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ரிசர்வ் டேங்க் வழிகிறது, ரேடியேட்டரோ காலி

இதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் மூடி. அதில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, சூட்டில் விரியும் நீரை ரிசர்வ் டேங்குக்கு அனுப்புகிறது. நடுவிலுள்ள சிறியது, ஆறும்போது அதே நீரைத் திரும்ப உள்ளே விடுகிறது. சிறியது ஒட்டிக்கொண்டால் நீர் போகும், வராது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் ஐயமே வேண்டாம். பெரிய வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் நீர் உரிய அழுத்தத்துக்கு வரும் முன்பே வெளியேறும், கொதிநிலை தாழும், வேறு குறையே இல்லாத இன்ஜின் ஒரு மேட்டில் பொங்கிவிடும். ரேடியேட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும், அதன் முனை டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கினாலும், திரும்பி வருவது காற்றுதான். மூடியையும் குழாயையும் மாற்றிய பிறகும் டேங்க் வழிந்துகொண்டே இருந்தால் அடுத்த பகுதிக்கு வர வேண்டும்.

காலையில் கிளப்பிய சில நொடியில் ஹோஸ் விறைக்கிறது

குளிர்ந்த இன்ஜினில் நீர் விரிவடைய நேரமே இல்லை. அப்படியிருந்தும் மேல் ஹோஸ் ஒரு நிமிடத்துக்குள் கல்லாக விறைத்தால், சிலிண்டருக்குள் எரியும் வாயு நீர்வழிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. ஹெட் கேஸ்கெட், விரிசல் விட்ட ஹெட், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி இன்ஜினாக இருந்தால் ஹவுசிங்குகளுக்கு இடையிலுள்ள ரப்பர் கூலன்ட் சீல் ஆகிய மூன்றில் ஒன்று போயிருக்கும்.

உறுதிப்படுத்தாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ரேடியேட்டர் வாயில் வைத்து அதன் ஆவியை உறிஞ்சும் கண்ணாடிக் குழல் சோதனையில், உள்ளிருக்கும் நீல நிறத் திரவம் சிலிண்டரில் எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். நீரையே உறிஞ்சிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் மட்டத்தைச் சற்றுக் குறைத்துவிட்டுச் செய்ய வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவை பழுப்பேறியிருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுத்திருந்தால், அந்தச் சிலிண்டர் நீரைக் குடிக்கிறது. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் லீக்-டவுன் சோதனையில் ரேடியேட்டரில் குமிழி வந்தால் வழக்கு முடிந்தது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் தெரியும் வெண்ணெய் போன்ற படிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குறுகிய தூரமே ஓடும் காரில் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிவதாலும் அது வரும். ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை.

1995-இல் வந்த எம்ஜிஎஃப், 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் ஆகியவற்றிலுள்ள ரோவர் கே-சீரீஸ் இன்ஜினில் கூலன்ட்டின் மொத்த அளவே குறைவு. தெர்மோஸ்டாட்டும் நீர் உள்ளே வரும் பக்கத்தில் இருப்பதால், அது திறக்கும்போது குளிர்ந்த நீர் சூடான உலோகத்தில் பாய்கிறது. அந்த இன்ஜினில் சிறு கசிவையும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஹெட்டைக் கழற்றிய பிறகு நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வளைவை அளந்து, அந்த இன்ஜினின் கையேடு அனுமதிக்கும் அளவோடு ஒப்பிடாமல் புதுக் கேஸ்கெட்டைப் போட்டு மூடினால், சில மாதங்களில் அதே வேலையை மறுபடி செய்ய நேரும். கசிவை அடைப்பதாகச் சொல்லி ஊற்றும் பொடிகளும் திரவங்களும் கேஸ்கெட்டுக்குப் போகும் முன் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான் அடைக்கும். வீடு வந்து சேர வேறு வழியில்லாத நாளைத் தவிர வேறெப்போதும் நான் அவற்றைத் தொடுவதில்லை.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், காய்ச்சி வடித்த நீரும் அந்த இன்ஜினுக்குரிய கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, காற்றை வெளியேற்றி, முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டு மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். முதல் இரண்டு காலைகளில் கொஞ்சம் இறங்குவது மீந்திருந்த காற்று வெளியேறியதால்; மூன்றாம் காலையும் இறங்கினால் டேப்பைக் கழற்றாமல் குறிப்பைத் தொடர வேண்டும்.